விளக்கெண்ணெய்ச் சக்கரம்

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடம் எழுபத்தெட்டாம் ஆண்டில் பூட்டிக் கிடந்தது. சாவியை மேனேஜர் அமிர்தலிங்கம் கால்சட்டைப் பின்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கு அங்கே வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை, படித்த ரசாயனத்தோடு, அம்மாவுடன் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்தார். இலை வண்டிகளின் ரப்பர்ச் சக்கரங்கள் சீக்கிரம் தேய்கின்றன. தேயாத சக்கரம் ஒன்றை அவர் கண்முன்னே செய்துகாட்ட வேண்டும்.

விளக்கெண்ணெயில் செய்வதாகச் சொன்னேன். அதன் கொழுப்பு அமிலத்தோடு, ஈப்போ நகரில் வாங்கிய கெட்டியாக்கும் திரவம் சேர்ந்தால் ரப்பரைவிட உறுதியான பாலிமர் கிடைக்கும்.

இலை கூட்டும் காளியம்மா, மேனேஜர் அறை வாசலில் நின்று சிரித்தாள்.

"அந்த எண்ணெயக் குடிச்சா மனுசனே ஒரு எடத்துல நிக்க மாட்டான். வண்டி எப்படிம்மா நிக்கும்?"

"வண்டி ஓடத்தானே வேணும்க்கா" என்றேன். அவளுக்கு மட்டும் கேட்டது.

கலவைக்கு ஒரே எதிரி ஈரம். பட்டால் வாயு உண்டாகி நுரைத்துவிடும். அதனால் செய்துகாட்டும் நாளில் மேனேஜர் அறை ஜன்னல்களை அடைத்திருந்தேன். அச்சில் ஊற்றியதும் மேனேஜர் மூக்கைப் பிடித்தார்.

"மூச்சு முட்டுது லா. ஜன்னலத் தொற."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். குரல் வரவில்லை. அவரே திறந்தார். மலைக்குக் கீழே ரிங்லெட் ஊரிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம் நேராக அச்சுக்குள் இறங்கியது.

சக்கரம் பொங்கியது. மேசையைத் தாண்டி அவருடைய நாற்காலியில் வழிந்து அமர்ந்தது. பேனாவால் குத்திப் பார்த்தார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"மெத்தை மாதிரில்ல இருக்கு" என்று உட்கார்ந்தார்.

இன்னும் இறுகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இறுகிவிட்டது.

அவர் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. காளியம்மா ஆள் கூட்டி வந்தாள். இருவர் அவரை இழுத்தார்கள், இருவர் நாற்காலியை இழுத்தார்கள். வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"கால்சட்டைய வெட்டிட்டாப் போச்சு சார்" என்றாள் காளியம்மா.

"யாரும் கத்திரியத் தொடக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "எண்ணெய்தானே. எதுலயாவது கரையும்ல?"

இறுகியபின் அது எதிலும் கரையாது. அதுதான் அதன் சிறப்பு. ஆனால் முதல்முறையாக எனக்குக் குரல் வந்தது.

"ஆராய்ச்சி பண்ணித்தான் பாக்கணும் சார். ஆய்வுக்கூடம் வேணும்."

"இப்பவே வேலையில சேரு. இந்தா சாவி" என்றவரின் கை பின்பக்கம் போனது. அங்கேயே நின்றது.

காளியம்மா கத்திரிக்கோலோடு தயாராக இருந்தாள்.

இப்போது என்னிடம் இருக்கும் அந்தச் சாவியில் ஒட்டிய பாலிமர்த் துணுக்கு இன்றுவரை தேயவில்லை.