சொல்லச் சொல்ல எழுதியவள்

மாமா அவளுடைய இரும்பு ஸ்கேலை எடுத்து, வலது கையில் போட்டிருந்த மாவுக்கட்டுக்குள் முழங்கைப் பக்கமாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் இழுத்தார். உள்ளே தோல் உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டது. சொறிந்த சுகத்தில் அவர் வாய் பாதி திறந்திருந்தது. பிறகு ஸ்கேலை உருவி, நுனியில் ஒட்டியிருந்த சாம்பல் நிற அழுக்கை ஃபூ என்று ஊதிவிட்டு, அவளுடைய நோட்டின் மேலேயே வைத்தார்.

"ம், மேல படி பாப்பா. அரசாங்கமே இல்லாத காலத்துல மனுஷன் எப்படி இருந்தானாம்?"

"ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு மாமா. அப்படியெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருந்தாங்க, சொத்துன்னு ஒண்ணு வந்த பிறகுதான் கெட்டுப்போனாங்கன்னு இன்னொருத்தர் சொல்றாரு."

"ரெண்டு பேருல யாரு ஜெயிச்சது?"

"யாரும் ஜெயிக்கல மாமா. பதினஞ்சு மார்க் கேள்வி."

உண்மையில் அந்தக் கைக்கு ஒன்றுமே ஆகவில்லை. எலும்பு முறிவு என்று எழுதிக் கொடுத்த டாக்டர் மாமாவோடு சீட்டாடுகிறவர். இரண்டு முறை கவுன்சிலராக ஜெயித்த மாமாவுக்கு அடுத்த படி ஏறும் ஆசை வந்திருந்தது. மேலே போகிறவர்கள் பட்டதாரியாக இருந்தால் நல்லது என்று கட்சியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அஞ்சல் வழியில் சேர்ந்து, எப்படி எப்படியோ எல்லாத் தாளையும் தாண்டிவிட்டார். 'ஐரோப்பிய அரசியல் சிந்தனை வரலாறு' மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. போன தடவை சட்டைக் கைக்குள் பிட்டு கொண்டுபோய், பறக்கும் படை வந்ததும் அதை மென்று விழுங்கியிருந்தார். அதையும் அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார், விழுங்கியது எந்த நூற்றாண்டு என்று தெரியவில்லை என்று. கை உடைந்தவர் தனக்காக எழுத ஒருவரை வைத்துக்கொள்ளலாம். எழுதுகிறவர் அவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும், அவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடம் முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருந்த அக்கா மகள் பின்கட்டு அறையிலேயே இருந்தாள். "நீ படிச்சு எனக்குச் சொல்லு. நான் அங்க உனக்குச் சொல்றேன், நீ எழுது" என்றார் மாமா. முதல் வாரம் கேட்டார். அடுத்த வாரம் கண் மூடிக் கேட்டார். அதற்கப்புறம் படிப்பு முழுக்க அவள் பாடு என்று ஆகிவிட்டது.

வெயில் ஏற ஏற மாவுக்கட்டு நாற ஆரம்பித்தது. வியர்வையும் ஊறிப்போன பஞ்சும் பவுடரும் கலந்த ஒரு நாற்றம். அதோடேயே கூட்டங்களுக்குப் போய், தொண்டர்கள் உடைந்த கையைத் தொட்டுக் கும்பிட, வலிக்கிற மாதிரி முகத்தைச் சுருக்கிவிட்டு வருவார். அத்தைக்கு நாற்றம் ஆகாது. அவள் மாடியோடு இருந்துகொண்டாள். ஊட்டிவிடும் வேலை அம்மாவுக்கு வந்தது. ஐம்பது வயது மனிதர் வாயை ஆவென்று திறந்துகொண்டு உட்கார, அக்காள்காரி கரண்டியால் ஊட்டி, முகவாயில் வழிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிடுவாள். இடது கை சும்மாதான் இருந்தது. அந்தக் கையால் அவர் போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். "அக்கா ஊட்டினாத்தான் சாப்பிட்ட மாதிரியே இருக்கு" என்பார். அம்மாவும் அதற்குச் சிரிப்பாள். அதைப் பார்த்துவிட்டு மகளுக்குத் தட்டில் கை வைக்கவே பிடிக்காமல் போயிற்று.

ஆனால் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் அழுக்காகிவிடும் என்று நினைத்தாள். மாமா வாங்கிக் கொடுத்த கைடு, பல் தேய்க்காத வாய் மாதிரி இருந்தது. ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம். அதை ஒதுக்கிவிட்டு நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்களாகக் கொண்டுவந்தாள். ராஜாக்களும் பாதிரிகளும் வியாபாரிகளும் நூறு நூறு வருஷமாக ஒரே விஷயத்துக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். 'இதைச் செய் என்று எனக்குச் சொல்ல நீ யார்?' இதை இவ்வளவு மரியாதையாக, இவ்வளவு கனமாகக் கேட்க முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. அரசுக்கு நாம் ஏன் கீழ்ப்படிகிறோம்? சம்மதித்ததால். எப்போது சம்மதித்தோம்? நம்மை யாரும் கேட்டதும் இல்லை, நாம் வாயைத் திறந்து சரி என்று சொன்னதும் இல்லை. அவளே ஒரு பதில் கண்டுபிடித்தாள். 'வெளியே போகாதவன், உள்ளே இருக்கச் சம்மதித்தவன்.' கண்டுபிடித்த அன்று துணி உலர்த்துகிற இடத்தில் நின்று நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.

தேர்வன்று அவர்களுக்குத் தனி அறை கொடுத்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் மாமாவுக்கு வணக்கம் வைத்து, தன் இடமாற்றல் விஷயமாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மாமா வினாத்தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பது தெரிந்து திருப்பி, அவளிடம் நீட்டினார். "எல்லாம் நம்ம படிச்சதுதானே?" என்று கேட்டுவிட்டு ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பிஸ்கட் தூள் அவர் மார்பில் ஏறி ஏறி இறங்கியது. அவள் முதல் கேள்வியை எடுத்தாள். அதற்கப்புறம் அவளுக்கு நாற்றமும் தெரியவில்லை, குறட்டையும் தெரியவில்லை. கை வலித்தால் உதறிவிட்டு எழுதினாள். பேனா அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து யாரும் அவளை இடையில் நிறுத்தாமல் பேசவிட்டது அன்றுதான். மணி அடித்ததும் மாமா எழுந்து வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்கேனா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பின்னால் எத்தனையோ முறை நினைத்து அருவருத்திருக்கிறாள்.

அந்தத் தாளில் மாமாதான் முதல் மதிப்பெண். படம் போட்டுச் செய்தி வந்தது. அவர் விடைத்தாளின் நகலை விண்ணப்பம் போட்டு வாங்கி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றியபோது வார்டு ஜனங்கள் கூட்டத்தில் சத்தம் போட்டார்கள். மாமா மைக்கைப் பிடித்து, "பெரியவங்க ஒண்ணு சொல்லியிருக்காங்க. வெளியே போகாதவன், உள்ளே இருக்கச் சம்மதிச்சவன். தீர்மானம் போட்ட அன்னிக்கு யாராவது எழுந்து போனீங்களா?" என்றார். கைதட்டினார்கள். சத்தம் போட்டவர்களில் சிலரும் தட்டினார்கள். அம்மாவோடு கடைசி வரிசையில் நின்றிருந்த அவளுக்கு, தன் வாயிலிருந்த கவளத்தை யாரோ விரலை விட்டுத் தோண்டி எடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது.

கல்லூரியில் அதே பாடத்தில்தான் சேர்ந்தாள். மாமா தடுக்கவில்லை, "நம்ம வழியில வர்றா" என்று பெருமைப்பட்டு, சேர்க்கைக்குத் தானே வந்தார். இரண்டாம் வருஷம் அந்தத் தாள் வந்தது. பாடம் எடுத்தவர், எதைச் சொன்னாலும் 'அதாவது' என்று ஆரம்பிக்கிறவர். பிள்ளைகள் அவரை அதாவது சார் என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் கட்டாக நகல்களைக் கொண்டுவந்து விநியோகித்தார். "அதாவது, இதுதான் மாதிரி விடை. நம்ம கவுன்சிலர் எழுதினது. வேலை, பொதுவாழ்வு, உடைஞ்ச கை, இத்தனைக்கும் நடுவுல ஒரு மனுஷன் எப்படிச் சிந்திச்சிருக்காரு பாருங்க." அவளுக்கு முன்னால் வந்து விழுந்த தாளில் அவளுடைய கையெழுத்து. வால் நீட்டிய அவளுடைய எழுத்துகள், அவசரத்தில் அவள் அடித்துத் திருத்திய இடம், எல்லாம் அப்படியே. வகுப்பே அதைப் பார்த்து எழுதிக்கொண்டது. பக்கத்துப் பெண் ஒரு வரியின் கீழே கோடு போட்டு, "செமையா சொல்லியிருக்காருல்ல உங்க மாமா" என்றாள். அவள் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

மாதத் தேர்வில் அதே கேள்வி. வேறு மாதிரி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிந்த மாதிரியேதான் வந்தது. இரண்டு நாள் கழித்து அதாவது சார் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் அவளுடைய தாளும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"அதாவது, உன் கையெழுத்து அழகுதான். அதுக்காக மாமா மூளையும் உன்னுதாயிடுமா?"

அவள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லச் சொல்ல எழுதினவ நீ. நாலு வரி மனசுல நின்னிருக்கலாம், ஒத்துக்கறேன். இது வரிக்கு வரி இருக்கே. இதுக்குப் பேர் என்ன?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மாமாவின் பட்டம் போகும். எழுதினவள் என்று அவளையும் எந்தத் தேர்வும் எழுதவிடாமல் தள்ளி வைப்பார்கள். அம்மாவும் அவளும் படுக்கும் பின்கட்டு அறைக்கு வேறு பூட்டு வரும். "தப்புதான் சார்" என்றாள். தான் எழுதியதைத் தான் திருடியதற்கு. பூஜ்யம் போட்டுவிட்டதாகவும், வேண்டுமானால் மறுநாள் தன் முன்னால் உட்கார்ந்து அதே கேள்விக்குச் சொந்தமாக எழுதலாம் என்றும் சொன்னவர், "ஒரு வரி அதே மாதிரி இருந்தாலும் பிரின்சிபாலுக்குப் போயிடும்" என்று முடித்தார். அதோடு விடவில்லை, மாமாவுக்கும் போன் போட்டிருந்தார்.

வீட்டில் மாமா சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். கோபம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"என்ன பாப்பா, என்னையே காப்பி அடிச்சுட்டியாமே?"

சுற்றிலும் பார்த்தாள். அவரையும் அவளையும் தவிர அம்மா மட்டும்தான். இவர்கள் முன்னால் நடிக்க வேண்டியதில்லையே என்று நினைத்தாள். "மாமா, அது நான் எழுதினது" என்றாள்.

"நீதான் எழுதின. யாரு இல்லன்னா? நான் சொல்லச் சொல்ல நீதானே எழுதின." குச்சி நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். "அந்தச் சம்மதம் விஷயம் இருக்கே, அது எனக்கு அங்க உட்கார்ந்திருக்கும்போதுதான் தோணிச்சு. கை வேற அன்னிக்கு உயிர் போற வலி."

அவர் கண்ணை அவள் உற்றுப் பார்த்தாள். அதில் பொய்யே இல்லை. குளித்துவிட்டு வந்தவன் கண் மாதிரி தெளிவாக இருந்தது. இந்த மனிதர் திருடிவிட்டுச் சிரிக்கிறவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். திருடியதே ஞாபகமில்லாதவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போனவளிடம் திரும்பாமலே சொன்னாள்: "அவன் எழுதினதாவே இருக்கட்டும். உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உனக்குத் தெரியுமில்லம்மா?"

"எனக்கு எல்லாம் தெரியும்." அம்மா குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அடுத்துச் சொன்னது கேட்கவில்லை. எச்சில் தட்டின் எண்ணெய் அம்மாவின் முழங்கை வரை வழிந்தது.

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் அவளை உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எதிரில் அதாவது சார், ஆறிப்போன தேநீரோடு. அதே கேள்வி. எடுத்ததும் அந்தப் பழைய வாக்கியம்தான் பல்லை இளித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. அதை எழுதக் கூடாது. எழுதக் கூடாது என்றதும்தான் அதை முதல் தடவையாக வெளியிலிருந்து பார்த்தாள். மைக்கில் கேட்ட மாமாவின் குரலில் அது அவருக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது! துணி உலர்த்தும் இடத்தில் நின்று பூரித்துப் போனாளே, அது முதலிலிருந்தே மாமாவுக்குத் தைத்த சட்டைதானோ? அருவருப்பாக இருந்தது. இந்தத் தடவை மாமாவைப் பார்த்து அல்ல.

அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு எழுதினாள். 'தூங்குகிற குழந்தையைத் தூக்கி வந்து ஒரு வீட்டில் படுக்கவைக்கிறார்கள். விடிந்ததும், நீ ஏன் இன்னும் வெளியே போகவில்லை, அப்படியானால் உனக்குச் சம்மதம்தானே என்று கேட்கிறார்கள். இதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைக்க, கேட்கிறவருக்கு முதலில் வெட்கம் போயிருக்க வேண்டும்.' அப்பா செத்த வருஷம் அவளுக்கு நாலு வயது. அம்மா தோளில் தூங்கிக்கொண்டு வந்தவள், கண் விழித்தபோது தலைக்கு மேலே வேறு ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது விடைக்குத் தேவையில்லை, எழுதவில்லை. ஆனால் அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை.

அதாவது சார் எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் மூச்சில் பழைய தேநீர் நாறியது. ஒரு பக்கம் முழுக்கப் படித்தார்.

"அதாவது... இதை எங்க படிச்ச?"

"எங்கேயும் படிக்கல சார்."

"மாமா சொன்னாரா?"

அவள் கடைசி வரியின் கடைசிச் சொல்லை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "அடிஷனல் ஷீட் வேணும் சார்."

அவர் தன் நாற்காலிக்குப் போய், கோப்பையின் மேல் படிந்திருந்த பாலாடையை விரலால் வழித்தெடுத்து மேஜையின் அடியில் தடவினார். அதே விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு தாள்கட்டிலிருந்து ஒன்றைப் பிரித்து நீட்டினார். மேல் மூலையில், அவள் பெயர் எழுத வேண்டிய இடத்தில், அவர் விரல் அகலத்துக்கு ஈரம் படர்ந்து, தாள் லேசாக உப்பியிருந்தது. அவள் காயும்வரை காத்திருக்கவில்லை. பேனாவை அதன் மேலேயே அழுத்தினாள். மை கொஞ்சம் கசிந்து, எழுத்தின் ஓரங்களில் பரவியது.