கடலுக்குப் போகாத நைல்

வரலாற்று டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடமாகத் தற்காலிகம். ஆறு வருடம் நீடித்தாலும் அதற்குப் பெயர் தற்காலிகம்தான். ஆண்டு விடுமுறை வந்தால் வேலை போய்விடும். பள்ளி திறக்கும் வாரத்தில் மறுபடி மனுப் போட வேண்டும். ஆசிரியர் அறையில் அவளுக்கு அலமாரி கிடையாது. சாக்பீஸ் டப்பா முதல் வரைபடச் சுருள் வரை தோளில் தூக்கிக்கொண்டு போவாள், தூக்கிக்கொண்டு வருவாள்.

இந்த வருடம் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அதிகாரி ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு பாடம் பார்ப்பார், படிவம் நிரப்புவார். படிவம் நன்றாக வந்தால் அவள் நிரந்தரம். வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். இனி மனுப் போட்டும் பயனில்லை என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு மனதில் ஒன்று வெளியே ஒன்று கிடையாது. அதனாலேயே அவரைக் கண்டால் எல்லாருக்கும் பயம்.

பாடம், நைல் நதியும் எகிப்தும். ஏழாம் வகுப்பில் போன மாதமே அதைத் தொட்டிருந்தாள். எகிப்தில் மழை அபூர்வம், வருடா வருடம் நைல் பெருகும், வெள்ளம் வடியும்போது கறுப்பு வண்டலை விட்டுப் போகும், அதில்தான் கோதுமை விதைத்தார்கள் என்று பலகையில் எழுதிப் போட்டாள். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஆசிரியர் அறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் குடைச்சல்.

“மழையே இல்லேன்னா வெள்ளம் எங்கேருந்து டீச்சர் வருது?”

“தெற்கே ரொம்ப தூரத்துல மலை இருக்கு. அங்கே பெய்யுது.”

“அங்கே பெய்யறது இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

டீச்சருக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு மாலை நூலகத்தில் உட்கார்ந்து தேடினாள். அந்த ஜனங்களுக்கு அது தெரியவே தெரியாது. எங்கோ பெய்த மழையைக் கண்ணால் பார்க்காமலே, வந்து சேரும் தண்ணீரை மட்டும் நம்பிப் பிழைத்தார்கள். கரைக் கல்லில் கோடு போட்டு நீர்மட்டம் பார்த்தார்கள். குறைந்தால் பட்டினி, மிஞ்சினால் வீடு வாசல் போய்விடும். வெள்ளம் வயல் எல்லைகளை அழித்துவிட்டுப் போவதால், வடிந்த பிறகு கயிறு பிடித்து மறுபடி அளந்தார்கள். அளக்க ஆள் வேண்டும், அளந்ததை எழுத ஆள் வேண்டும், எழுதியவனை நம்பாமல் மேற்பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். இப்படித்தான் ஓர் அரசாங்கமே அந்தச் சேற்றில் முளைத்திருக்கிறது. ஆறு வருடம் நடத்திய பாடம் அவளுக்கே அப்போதுதான் புரிந்தது.

அதைக் குழந்தைகளுக்குக் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. கணவன் குழாய் வேலைக்காரன். பெரிய தகரத் தட்டு ஒன்றை எடுத்து, மூலைகளை ஒழுகாமல் அடைத்து, மணல் கொட்டி, நடுவே ஆறு வெட்டிக் கொடுத்தான். ஒரு கோடியில் அட்டை மலை, மறு கோடியில் நீலச் சாயம் அடித்த கடல். இரு கரையிலும் நூல் கட்டிய குட்டி வயல்கள். மலைப் பக்கத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை.

“இந்தா பாரு, இந்தக் கட்டையை மட்டும் தொடாதே. தண்ணி பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். அதுக்குப் படிப்பெல்லாம் கிடையாது.”

“எனக்குத் தெரியாதாக்கும்,” என்றாள்.

அதிகாரி வரும் காலையில் அவனே தட்டைக் கொண்டுவந்து, மலைப் பக்கம் பலகையை ஒட்டி இருக்கும்படி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். தலைமையாசிரியை வாசலில் நின்றார்.

“அந்தக் குடைச்சலை நூலகத்துக்கு அனுப்பிடட்டுமா?”

“வேண்டாம் மேடம். நான் சொல்லிக்கிறேன்.”

டீச்சர் மூன்றாம் பெஞ்சருகே குனிந்தாள். “இன்னிக்கு ஒரு நாள் கேள்வி கேக்காதே கண்ணு. என் வேலையே இதுலதான் இருக்கு. நான் கேட்டா எல்லாரோடயும் சேர்ந்து பதில் சொல்லு, போதும்.”

“சரி டீச்சர்,” என்று அந்தப் பெண் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் டீச்சர் தட்டைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய வரைபடத்தில் கடல் மேலே, மலை கீழே. தட்டில் எல்லாம் தலைகீழ். ஆறு வருடம் வரைபடம் மாட்டிய கைக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தட்டைத் திருப்பி வைத்தாள். இப்போது உயரமான மலைப் பக்கம் குழந்தைகளின் முகத்துக்கு நேரே வந்து ஆற்றை மறைத்தது. அதனால் கட்டையை உருவிப் பலகைப் பக்கம், கடலுக்கு அடியில் சொருகினாள். எல்லாருக்கும் தெரிந்தது, வரைபடத்துக்கும் ஒத்துப்போனது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பது இதுதான்.

அதிகாரி வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பேனா மூடியைத் திறந்தார். டீச்சர் நன்றாகவே ஆரம்பித்தாள். கரிய மண் கரைத்த தண்ணீரை ஜாடியிலிருந்து மலையில் ஊற்றினாள். தண்ணீர் நகரவில்லை. மலையடியிலேயே தேங்கி அட்டையை ஊறவைத்து, தட்டின் விளிம்பு வரை நிறைந்து நின்றது. கடல் காய்ந்து கிடந்தது.

என்ன செய்துவிட்டோம் என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டைத் தூக்கிக் கட்டையை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து இத்தனை தலைகளைத் தாண்டி அதிகாரியால் தட்டுக்குள் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிவது அவள் முகம் மட்டும். அந்த ஒரு நிமிடம் படிவத்தில் எப்படி ஏறும் என்று நினைத்தாள். தோள் சுமையையும் நினைத்தாள்.

“வெள்ளம் மலையிலேருந்து கிளம்பிக் கடலுக்குப் போயிடுச்சு. பார்த்தீங்கல்ல?”

“ஆமா டீச்சர்,” என்றது நாற்பது பேர் குரல்.

மூன்றாம் பெஞ்சுப் பெண்ணின் கண் தேங்கிய தண்ணீரின் மேலேயே இருந்தது. அவள் வாயும் ஆமாம் என்றது. கை தொடைக்கு அடியிலிருந்து வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. எள் என்றால் எண்ணெயாக நின்றது வகுப்பு. போகும்போது அதிகாரி தலைமையாசிரியையிடம், “நல்ல கட்டுப்பாடு. ஒரு பிள்ளைகூட தேவையில்லாம வாயைத் திறக்கலை,” என்றார். மாலையே அலமாரிச் சாவி அவள் கைக்கு வந்தது.

“தண்ணி ஓடிச்சா?” என்று வீட்டில் கணவன் கேட்டான்.

“ஓடிச்சு,” என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அவள் சீக்கிரமே போனாள். கட்டையைப் பழைய இடத்தில் சொருகினாள், புது மலை வைத்தாள். வகுப்பு முழுவதையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்து ஊற்றினாள். தண்ணீர் ஓடியது. நூல் வயல்களை மூழ்கடித்தது, கறுப்பாக மண்ணைப் படியவிட்டது, கடலில் போய் விழுந்தது. டீச்சர் ஜாடியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அந்தப் பெண்ணிடமே திரும்பினாள். “நீ சொல்லு. தண்ணி எங்கே போச்சு?”

“கடலுக்கு டீச்சர்.”

“நேத்து?”

“நேத்தும் கடலுக்குத்தான் டீச்சர் போச்சு.”

அந்த முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் டீச்சருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“இல்லம்மா. நேத்து போகலை. மலையடியிலேயே நின்னுடுச்சு. நான்தான் பொய் சொன்னேன்.” எல்லார் முகத்தையும் பார்த்தாள். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. “பார்த்தீங்கல்ல?”

“ஆமா டீச்சர்,” என்றார்கள் நாற்பது பேரும்.