போசைடன் மயங்கி விழுந்த குளிர்காலம்

உலகத்துக் கடல்கள் அத்தனையின் எதிர்காலமும் தென்கோளத்து ஹோபார்ட் நகரில் ஒரே அறைக்குள் கணிக்கப்படுகிறது என்று, எந்த மேடையில் ஏறினாலும் கடலாய்வு நிறுவனத்தின் இயக்குநர் அலஸ்டர் சொல்வார். அந்த அறை முன்பு சைக்கிள் நிறுத்துமிடம். மழை பெய்தால் இப்போதும் ஒரு மூலையில் பக்கெட் வைக்க வேண்டும்.

அங்கிருந்த பெரிய சர்வருக்குக் கடல் தெய்வத்தின் பெயரை, போசைடன் என்று, சூட்டியவரும் அவர்தான். அந்தக் குளிர்காலத்தில் தெய்வம் அடிக்கடி மூர்ச்சையாகி விழுந்தது.

எழுப்புவது டெஸ் க்வில்டியின் வேலை. நிறுவனத்துக் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவன் அவன் ஒருவன்தான். சர்வர் விழும்போதெல்லாம் அதில் ஓடும் ஆய்வாளர் ரொவீனாவின் கணக்கும் சேர்ந்து விழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அண்டார்டிகாவின் பனி உருகிக் கடலில் கலப்பதைப் பற்றிய கணக்கு. ஜூலைக்குள் முடிந்தால் அவளுக்கு வேலை நீட்டிப்பு. முடியாவிட்டால் வீட்டுக்கு.

டெஸ் மெமரியை மாற்றினான். ஃபேன்களை மாற்றினான். பக்கத்து மலையில் பனி விழும் நாட்களில்தான் சர்வரும் விழுகிறது என்று கவனித்து, குளிரில் மின்சாரம் தடுமாறுகிறது என்றொரு கோட்பாடு வகுத்தான். அலஸ்டர் மெய்சிலிர்த்தார். கோட்பாடு கைகொடுக்காதபோது, வாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வேறு சொன்னான்.

"சர்வர் மேல தப்பில்ல. ரொவீனாவோட புரோகிராம்தான் அதைத் திங்குது."

"போன வருஷம் பூரா இதே புரோகிராம்தானே ஓடிச்சு டெஸ்?" என்று ரொவீனா கேட்டாள்.

"அப்ப அதுக்குப் பசி கம்மியா இருந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரொவீனா சனி, ஞாயிறென்று பாராமல் வந்து உட்கார்ந்து, புரோகிராமைப் பிரித்துப் பிரித்துத் திரும்ப எழுதினாள்.

ஜூலை கடைசி வாரம். ஜன்னலெல்லாம் உறைபனி. டெஸ் வழக்கம்போல மேசைக்கடியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். போசைடன் தள்ளாட ஆரம்பித்தது. விழுவதற்குள், டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும் சாதாரணக் கட்டளை ஒன்றைத் தட்டினான். பதில் இல்லை. நிறுத்தப் பார்த்தான், நிற்கவுமில்லை.

உள்ளே தோண்டிப் பார்த்தான். போசைடனின் சொந்த டிஸ்குகள் நன்றாகத்தான் இருந்தன. நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியின் ஃபோல்டரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, அதன் பதிலுக்காக அது காத்து நின்றது. எத்தனை நேரமானாலும் காத்திரு என்று சொல்லி இணைத்தவன் டெஸ். எல்லா டிஸ்கும் நலமா என்று நிமிஷத்துக்கொரு தரம் விசாரிக்கும் காவல் புரோகிராமை எழுதியவனும் அவனே. விசாரிக்கப் போனதெல்லாம் திரும்பாமல் வரிசையில் நிற்க, வரிசை நீண்டு போசைடனுக்கு மூச்சு முட்டியது.

எந்தக் கணினி? பெயரைப் பார்த்தான். வோம்பட்.

பழைய சர்வரான வோம்பட்டை மார்ச் மாதமே லாமிங்டன் கேக்கும் மார்னிங் டீயுமாக வழியனுப்பியாயிற்று. அலஸ்டர் குரல் தழுதழுக்கப் பேசினார். கைதட்டலுக்கு நடுவே டெஸ் பிளக்கைப் பிடுங்கினான். கூட்டம் கலைந்ததும், அதிலிருந்த ஒரு ஃபோல்டர் தேவைப்பட்டதால், பெட்டியைத் தன் மேசைக்கடியில் வைத்து மறுபடி சொருகினான்.

குனிந்து பார்த்தான். ஹீட்டர் வோம்பட்டின் முகத்தில் நேராக ஊதிக்கொண்டிருந்தது. பெட்டியில் கை வைக்க முடியவில்லை. சூடேறினால் அது பதில் சொல்லாமல் அப்படியே உறைந்துவிடும். அவன் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போசைடனை எழுப்ப ஓடுவான். ஆறியதும் இதுவும் எழுந்துகொள்ளும்.

ரொவீனாவிடம் போய்ச் சொன்னான்.

"ஹீட்டரா?"

"ஆமா."

"கால் கதகதன்னு இருந்துச்சா?"

அவன் தரையைப் பார்த்தான். "இனிமே விழாது ரொவீனா. சத்தியமா."

"வெள்ளிக்கிழமையோட எனக்கு வேலை முடியுது டெஸ். கணக்கு ஓட ஒரு மாசம் வேணும்." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நல்லா இருந்த புரோகிராமை உன் பேச்சைக் கேட்டுப் பிரிச்சுப் போட்டேனே."

டெஸ் அலஸ்டரிடமும் சொன்னான். 'பழைய கோப்பு இணைப்பு முறையின் வரம்புகள்' என்று அவர் அறிக்கையில் எழுதிக்கொண்டார். நீட்டிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, விதி விதிதான் என்றார்.

வெள்ளிக்கிழமை ரொவீனாவுக்கு மார்னிங் டீ. அதே லாமிங்டன். அலஸ்டர் அதே இடத்தில் குரல் தழுதழுத்தார். அவள் ஒரு துண்டுகூடத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போசைடன் அதன்பிறகு ஒருமுறைகூட விழவில்லை. ஓட்டத்தான் கணக்கு இல்லை.

வோம்பட்டின் ஃபோல்டரில் இருந்தது அலுவலகத்தின் ஃபுட்டி கால்பந்துக் கணிப்புப் போட்டி. எந்த அணி ஜெயிக்கும் என்று வாராவாரம் ஊழியர்கள் எழுதிப் போட, போசைடன் புள்ளிகளைக் கூட்டித் தரும். டெஸ் கடைசி இடத்தில் இருந்தான்.