ஒரே ஒரு கேமுங்க

முழங்கைக்கு ஊசி போட்ட டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "அந்தக் கனமான பேட்டத் தூக்கிப் போட்டுட்டு லேசா ஒண்ணு வாங்குங்க. இல்லீன்னா ஷட்டிலையே மறந்துருங்க." காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரைக்கும் ஆடும் அந்த ஆட்டம் ஒன்றுதான் என் நாளில் எனக்கென்று இருப்பது. அதை மறப்பதாவது!

மூன்று ஞாயிற்றுக்கிழமை சூலூரிலிருந்து பஸ் ஏறி உக்கடத்தில் நசுருதீன் பாய் கடைக்குப் போனேன். பதினொரு பேட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுக்குத் தலை கனம், இன்னொன்றுக்குத் தண்டு விறைப்பு. பாய் சலித்துக்கொள்ளவே இல்லை. "கையில புடிச்சா பேட்டு இருக்கறதே தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா அது உங்க பேட்டு இல்லீங்க" என்றார். பன்னிரண்டாவதை வாங்கி ஒரு வீசு வீசினேன். விர்ரென்று காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. கடை என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் கைக்குத் தகுந்த மாதிரி பேட்டின் நரம்பை அதிகம் இறுக்காமல் கட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கோர்ட்டில் உறையைப் பிரித்ததும் பிடித்தது சனி. "ஏனுங்க்கா, புதுசுங்களா? ஒரே ஒரு கேமு ஆடிட்டுத் தாரனுங்க" என்று கூட ஆடும் பையன் சபரீஷ் கை நீட்டினான். கொடுத்தேன். அவனிடமிருந்து சாய்குமார் வாங்கிக்கொண்டார். நான் பழைய பேட்டிலேயே ஆடினேன். செவ்வாய்க்கிழமை வேறு இரண்டு பேர். புதன்கிழமை என் டபுள்ஸ் ஜோடி மெஹராஜே கேட்டாள். எங்கள் ஊரில் ஒருவரிடம் 'முடியாது' என்று சொல்வதற்கு முன் பத்து 'ங்க' போட்டுச் சிரித்து, அவரே வேண்டாமென்று போகும்படி பேசத் தெரிய வேண்டும். அந்தச் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. வீட்டுக்குப் போய் முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை நான் ஷூ லேஸ் கட்டி நிமிர்வதற்குள் காளிச்சாமி அண்ணன் என் பையிலிருந்து பேட்டை உருவிவிட்டார். கோர்ட்டே அவருடையதுதான். ஜோடி ஆள் அடிக்க வேண்டிய இறகுக் காக்குக்கும் தானே பாய்வார். அப்படிப் பாய்ந்து, பேட்டும் பேட்டும் மோதி, போன மாதம் மட்டும் இரண்டை உடைத்திருந்தார்.

"இன்னிக்கு நான் இதுல ஆடறேனுங்க அம்மணி."

"வேண்டாமுங்கண்ணா."

"அட, ஒரே ஒரு கேமுங்க. தேஞ்சா போயிரும்?"

"தர மாட்டேனுங்க! மூணு நாளா எல்லாரும் ஆடியாச்சு, நான் ஒருக்காகூட ஆடலீங்க. கை வலிக்குதுன்னுதானுங்க இத வாங்குனதே. குடுங்க இங்க!"

கத்திவிட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அண்ணன் பேட்டைப் பெஞ்சின்மேல் மெதுவாக வைத்தார். "நல்லா ஆடுங்க அம்மணி" என்றார். மரியாதையில் ஒரு சொட்டுக் குறையவில்லை. அதுதான் சுருக்கென்றது.

"குடுத்திருக்கலாமில்லீங்க்கா, பெரியவரு" என்று மெஹராஜ் முணுமுணுத்தாள்.

"தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்?" என்றேன்.

முதல் கோர்ட்டில் அண்ணனுக்கு நாலாவது ஆள் குறைந்தது. மெஹராஜ் எழுந்து போய்ச் சேர்ந்துகொண்டாள்.

இரண்டாவது கோர்ட் காலியாகக் கிடந்தது. பெஞ்சில் ஐந்து பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "யாராச்சும் வாரீங்களா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் ஆடி முடிச்சேனுங்க்கா" என்றான் சபரீஷ். அவன் இன்னும் ஷூவே போட்டிருக்கவில்லை. சாய்குமாருக்கு முட்டி வலி. இன்னொருவருக்குப் போன் வரவேண்டியிருந்தது. "நீங்க ஆடுங்க அம்மணி, நாங்க பாக்கறோம்" என்றார் கடைசியில் இருந்தவர். ஒருவர்கூட வர மாட்டேன் என்று சொல்லவில்லை. எவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிகிறது இவர்களுக்கு!

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இறகு உதிர்ந்த பழைய காக்குகள் ஆறைக் கூடையிலிருந்து அள்ளிக்கொண்டு போய்க் கோட்டில் நின்றேன். முதல் சர்வீஸ் வலையை உரசுகிற மாதிரி போய், மூலைக் கோட்டில் சரியாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒன்று போட்டதே இல்லை. எதிரில் அதை எடுக்க ஆளில்லை. ஆறையும் போட்டு முடித்து, வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்ப் பொறுக்கிக்கொண்டு, அங்கிருந்து இந்தப் பக்கத்துக்குப் போட்டேன்.