ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ‘வெ’

வாரத்துக்கு ஏழரை மணி நேரம். சைக்கிள் மிதிக்க எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அதைச் சொன்னதும் என் மனைவி சிரித்தாள். “எட்டாவாச்சும் ஆக்குங்க, இல்ல ஏழுன்னு வெச்சுக்குங்க. ஏழரைய எதுக்கு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றீங்க” என்றாள். சொல்லிவிட்டு நர்ஸ் உடுப்பை இஸ்திரி போடப் போய்விட்டாள். அவளுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். எனக்கு மாறாது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை ஊரார் வாய்க்குப் பல் செய்வது என் தொழில். மெழுகு, மாவுக்கட்டு, அரத்தூள். கடைசிப் பல்லைத் தேய்த்து முடித்து நிமிரும்போது முதுகு நிமிர மாட்டேன் என்னும். இதற்கு நடுவில்தான் நான் பந்தயக்காரன்.

பந்தயக்காரன் என்று சொல்லிக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். கடந்த சீசனின் கடைசிப் பந்தயத்தில் நாற்பத்தொரு பேரில் நான் முப்பத்தெட்டாவது. எனக்குப் பின்னால் வந்த மூவரில் இரண்டு பேருக்கு டயர் பஞ்சர். மேடு முடிய இருநூறு மீட்டர் இருக்கும்போது கூட்டம் என்னைக் கழற்றிவிட்டுப் போனது. முன்னால் போகிறவர்களின் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்ப்பது கொடுமை. எனக்கு நாற்பத்து நான்கு வயது. அடுத்த வருஷமாவது நாலாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு ஏற வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஆகவே பந்தயம் இல்லாத பதினாறு வாரத்துக்கு ஒரு திட்டம் போட்டேன். பத்து மணி நேரம் மிதிக்கிறவன் ஒரு நாளை வீணாக்கலாம். ஏழரை மணி நேரக்காரனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் வேலை செய்ய வேண்டும். எங்கள் சைக்கிள் கூட்டத்துக்குப் பெரியவர் ஒரு பேக்கரிக்காரர். விடியுமுன் மாவு பிசைந்துவிட்டு, எல்லாரும் காபி குடிக்கும் நேரத்தில் அறுபது கிலோமீட்டர் முடித்துவிடுகிற மனிதர். அவர் எங்களுக்கு வைத்திருக்கும் பாஷையில் மிதிப்பது மூன்று வகை. மெது, தம், வெட்டி. மெது என்றால் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நெடுநேரம். தம் என்றால் நாலு நிமிஷம் உயிரைக் கொடுத்து மிதிப்பது, நாலு நிமிஷம் மூச்சு வாங்குவது, இப்படி ஐந்து தடவை. இரண்டிலும் சேராமல் சும்மா சுற்றுவது வெட்டி. கட்டம் போட்ட தாளில் முதல் எழுத்தை மட்டும் எழுதுவோம்: மெ, த, வெ.

என் தாளில் ஒரே ஒரு வெ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டரை வரை. அது நானும் என் மகளும் ஏரிக்கரைச் சாலையில் பம்ப் ஹவுஸ் வரை போய்த் திரும்புவது. அவளுக்குப் பதினொரு வயது. என் தண்ணீர் பாட்டிலை நிரப்புவது, டயருக்குக் காற்று பார்ப்பது, பந்தயத்தன்று என் முதுகில் எண் அட்டையைக் குத்துவது எல்லாம் அவள் பொறுப்பு என்பதால் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். மேனேஜர் மிதிக்கும் வேகத்தில் என் இதயம் சோபாவில் உட்கார்ந்திருப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடத் துடிக்கும். பேக்கரிக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார், வெட்டியை எல்லாம் எடுத்துவிடு என்று. நான் எடுக்கவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். பெரிய தியாகி என்ற நினைப்பு.

எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் திட்டத்தைப் பெரிய அட்டையில் எழுதும் வேலையையும் மேனேஜரிடமே கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் அட்டையை விரித்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். மெ எல்லாம் நீலம், த எல்லாம் சிவப்பு. என் மனைவி எட்டிப் பார்த்து, “வாரத்துக்கு ரெண்டு தம்மா? என்கிட்ட விட்டுட்டேன்னுதானே சொன்னீங்க” என்று கேட்டுவிட்டுப் போனாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துப் பென்சிலால் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டாள்.

“அப்பா, இது என்ன வெ?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது ஒரு பட்டப்பெயர் மாதிரி, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லியிருந்தால் மூஞ்சியைச் சுளித்துவிட்டு மறந்திருப்பாள். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

“வெற்றி” என்றேன். “வெற்றி ஓட்டம். வாரத்த நல்லபடியா முடிக்கிறதுக்கு.”

“நானும் நீங்களும் போறதா?”

“ஆமா.”

பதினாறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் அவள் ஆரஞ்சு நிறம் கொடுத்தாள். பெட்டியிலேயே புதிதாக இருந்த பென்சில் அதுதான். கோட்டுக்கு வெளியே போகாமல் பொறுமையாகத் தீட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் பேக்கரியின் பின்னறையில் கூட்டம். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாரும் அவரவர் திட்டத்தைச் சுவரில் ஒட்டுவோம், மற்றவர்கள் அதைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். மனைவிக்கு அன்று பகல் ஷிப்ட். அதனால் மகளையும் அழைத்துப் போனேன். அட்டையைச் சுருட்டி அவளே கையில் வைத்துக்கொண்டாள், பஸ்ஸில் என்னைத் தொட விடவில்லை.

பன்னிரண்டு பேர் மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. “யார் போட்டது இது? இவ்வளவு அழகா?” என்றார் பேக்கரிக்காரர். மேனேஜர் என்றேன். “அப்ப மேனேஜரே வந்து விளக்கட்டும்” என்றார்.

அவள் கூச்சப்படவில்லை. முன்னால் போய் நின்று, ஸ்கேலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். செவ்வாய் தம், ஏனென்றால் திங்கள் அப்பாவுக்கு ஓய்வு. வியாழன் அம்மாவுக்கு ஷிப்ட் இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஸ்டாண்டில் மாட்டி மிதிப்பார். எல்லாம் சரியாகச் சொன்னாள். எங்கள் கூட்டத்தில் எதற்கும் குறை சொல்கிற பிளம்பர்கூடத் தலையாட்டிக் கேட்டார்.

“கடைசியா இது. ஞாயித்துக்கெழம வெ. வெற்றி ஓட்டம். இது நானும் அப்பாவும் சேந்து போறது.”

முதலில் பிளம்பர் குபீரென்று சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெ என்றால் என்னவென்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அவளைத் தவிர. ‘வெற்றியாம்ல’ என்று யாரோ என் தொடையில் தட்டினார்கள்.

நானும் சிரித்தேன்.

இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. எழுதியது ஒரு தப்பு, பொய் சொன்னது ஒரு தப்பு, அதையெல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். சிரித்ததற்கு என்ன சொல்வது? நானும் விஷயம் தெரிந்தவன்தான், நானும் பந்தயக்காரன்தான் என்று அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிக்கொள்ளச் சிரித்தேன். முப்பத்தெட்டாவதாக வந்தவனுக்கு அவர்கள் மெச்சினால் போதும் என்றிருந்தது.

பேக்கரிக்காரர்தான் சிரிப்பை நிறுத்திவிட்டு, பிரியமாகவே சொன்னார். “கண்ணு, வெ-ன்னா வெட்டி. பிரயோஜனம் இல்லாம சுத்துறதுக்கு நாங்க வெச்ச பேரு. அப்பா சொல்லலையா உனக்கு?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது. மூட எனக்குத் தோன்றவில்லை.

“மறந்துட்டேன்” என்று அவள் அவரிடம் சொன்னாள். “சொன்னாரு, நான்தான் மறந்துட்டேன்.”

பதினொரு வயசுக் குழந்தை என் மானத்தைக் காப்பாற்றியது. அட்டையைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு என் கையில் கொடுத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். “அது சும்மா ஒரு பேருடா” என்றேன். “தெரியும்ப்பா” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் வேலை செய்தாள். வெள்ளைத் தாளைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் மேலும் ஒட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பில் ‘த’ என்று எழுதியிருந்தாள். அட்டையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் மாட்டிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

ஷிப்ட் முடிந்து வந்த மனைவி அதைத்தான் முதலில் பார்த்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். “என்ன பண்ணீங்க அவள?”

சொன்னேன். முழுவதையும் சொல்ல மனம் வரவில்லை, பாதியில் விழுங்கினேன். அவள் விடவில்லை, நர்ஸ்தானே, ஊசி போட நரம்பு தேடுகிற மாதிரி தேடிப் பிடித்துவிட்டாள்.

“எல்லாரும் சிரிச்சப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

“சிரிச்சேன்.”

அவள் கழற்றிய ஷூவைக் கீழே வைத்தாள். “வெட்டின்னு எழுதினதக் கூட நான் சொல்லிப் புரிய வெச்சிருவேன். இத என்னால சொல்ல முடியாது. நீங்களே போய்ப் பேசுங்க” என்றாள்.

போனேன். மகள் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். மன்னிச்சுக்கோ என்று சொன்னேன், சிரித்தது தப்பு என்றும் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒழுங்காகக் கேட்டாள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

“பரவால்லப்பா. அவர் சொன்னது சரிதானே. பிரயோஜனம் இல்லேன்னா எடுத்துரணும். இப்ப உங்களுக்கு ஒன்றர மணி நேரம் மிச்சம்.”

அந்த நேரத்திலும் என் மண்டைக்குள் ஒரு மூலையில் கணக்கு ஓடியது. வாரத்துக்கு இரண்டு தம் மூன்றாகிறது. பதினாறு வாரத்துக்கு இருபத்து நாலு மணி நேரம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு உணர்ந்தேன். சீ என்றிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு சைக்கிளையும் வெளியே எடுத்து வைத்தேன். அவள் போர்வைக்குள் இருந்தபடியே, “எனக்குத் தூக்கம் வருதுப்பா, நீங்க போங்க” என்றாள். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தேன். பிறகு போனேன். வேண்டாம் என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானும் என்னைத் தடுத்துக்கொள்ளவில்லை.

ஏரிக்கரைச் சாலையில் ஞாயிறு காலை மோட்டார் வண்டிகளை விட மாட்டார்கள். இரண்டு தம் முடிந்தது. கால் நன்றாக வேலை செய்தது, வெட்கமில்லாத கால். மூன்றாவதில் மூன்று நிமிஷம் கடந்திருக்கும்போது பம்ப் ஹவுஸ் திருப்பத்தில் ஒரு சின்ன சைக்கிளைப் பார்த்தேன். முதுகைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் கிளம்பிய பிறகு எழுந்து, வழக்கமான பாதையில் தனியாக வந்திருக்கிறாள். தூக்கம் வரவில்லை அவளுக்கு. போவதற்கு ஆசை இருந்திருக்கிறது.

என் செயின் சத்தம் கேட்டு அவள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சாலை ஓரமாக ஒதுங்கி, முழங்கையை லேசாக இரண்டு முறை ஆட்டினாள். பந்தயத்தில் அதற்கு ‘நீ முன்னால் போ, நான் வழி விடுகிறேன்’ என்று அர்த்தம். கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

ஹேண்டில்பாரில் இருந்த மீட்டர் இன்னும் நாற்பது நொடி பாக்கி என்று காட்டியது.

முந்திப் போனேன்.

நாற்பது நொடியும் முடியட்டும், முடிந்ததும் நின்றுவிடலாம், அவள் வந்ததும் சேர்ந்து போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே மிதித்தேன். முடிந்தது. காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தேன். சாலையில் யாருமில்லை. ஐந்து நிமிஷம் நின்றேன், பிறகு திருப்பம் வரை திரும்பிப் போய்ப் பார்த்தேன். குறுக்குத் தெரு வழியாக வீட்டுக்குப் போயிருந்தாள்.

நான் வீடு வந்தபோது குளித்துத் தலை துவட்டிக்கொண்டு, கையில் சிவப்புப் பென்சிலோடு அட்டை முன்னால் நின்றிருந்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

“மூணாவது எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டாள்.

சொன்னேன். மீட்டர் காட்டிய வேகத்தில் இந்த வருஷத்திலேயே அதுதான் என் பெரிய எண். அவள் கட்டத்துக்குள் சின்னதாக எழுதிக்கொண்டாள்.

“நல்லா வந்திருக்குப்பா.”

“அடுத்த ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் போவோம்டா” என்றேன். “இதெல்லாம் ஒண்ணும் வேணாம். மீட்டரே எடுத்துட்டு வர மாட்டேன். சும்மா போவோம்.”

அவள் அட்டையைப் பார்த்தாள். பதினாறு வாரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டத்தையும் தாண்டி அட்டையின் ஓரத்தில் நிறுத்தினாள்.

“சீசன் முடியட்டும்ப்பா, பாக்கலாம்” என்றாள்.

இந்த வீட்டில் அப்படிச் சொல்கிற ஆள் அதுவரை நான் ஒருவன்தான்.