கேட்காமல் வாங்குகிறவர்

"நெருள் வீட்டுக்குக் காத்து எப்படிம்மா வருது?"

வானமாமலை பார்வையை மின்விசிறியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். மீனாட்சியம்மாள் நீட்டிய காப்பித் தட்டு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. போன தடவை வந்தபோது அந்த வீட்டுத் தண்ணீரைப் பற்றி விசாரித்தார். அதற்கு முந்தைய தடவை, ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்று. இன்றைக்குக் காற்று. இனி விசாரிக்க அந்த வீட்டில் பாக்கி இருப்பது சாவி ஒன்றுதான்.

மீனாட்சியம்மாளின் மகள் கலைச்செல்வியின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. பத்திரிகை கொடுத்தாயிற்று. வானமாமலைக்குப் பக்கத்தில் அவருடைய மகன், மாப்பிள்ளை ராஜபாண்டி செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

வானமாமலை செம்பூரில் பெரிய மனிதர். மூன்று விரதங்களால் பெரியவர் ஆனவர். பொய் சொல்வதில்லை, கோபப்படுவதில்லை, யாரிடமும் எதையும் கேட்டு வாங்குவதில்லை. வீட்டு ஹாலில் இவற்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். சாமி படம் அதற்குக் கீழேதான். தமிழர் சங்க ஆண்டுவிழாவில் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். கேட்டவர்கள் அன்றைக்கு வெட்கப்படுவார்கள், மறுநாள் பிழைப்பைப் பார்க்கப் போவார்கள்.

பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்: "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒங்க பொண்ணுக்கு ஒங்க மனசுக்குத் தோணினதச் செய்யுங்க."

பெண்ணின் அப்பா பூதத்தானுக்குக் கண் கலங்கியது. மீனாட்சியம்மாளுக்குக் கணக்கு உதைத்தது. தாராவியில் வெகுகாலமாக எவர்சில்வர் பாத்திரக்கடை நடத்துகிறவள் அவள். பேரம் பேசும் கிராக்கியைக் கண்டு பயந்ததே இல்லை. அவன் எங்கே வந்து நிற்பான் என்று தெரியும். "நீங்களே நியாயமாப் பாத்துப் போடுங்க" என்கிறவன் எங்கேயும் நிற்கமாட்டான். கடையையே தூக்கிக் கொடுத்தாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் போவான்.

அப்படித்தான் ஆயிற்று. வாசலில் நின்ற யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரை வானமாமலை பாராட்டினார். பத்து நாளில் அதே நிறத்தில் ஒன்று ராஜபாண்டிக்குப் போயிற்று. மூத்த மருமகளின் நகையைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக, "அவங்க அப்பா அவராப் போட்டது, நான் கேக்கல" என்றார். கலைச்செல்விக்குச் செய்த சங்கிலி இன்னும் கொஞ்சம் கனத்தது.

இப்போது நெருள். பாத்திரம் விற்ற காசில் அந்தப் புறநகரில் வாங்கிய ஒற்றை அறை வீடு. குடியிருக்கிற தாராவியை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஓயாமல் அடிபடுகிற நாளில், புருஷனும் பெண்டாட்டியும் நாளைக்குத் தலைசாய்க்க வைத்திருந்த ஒரே இடம்.

பூதத்தான் அவளை அடுக்களைக்குள் இழுத்தார். "கொடுத்துருவோம், மீனாட்சி. அவரு வாய்விட்டுக் கேக்கவா போறாரு? நாமதான் புரிஞ்சிக்கிடணும்."

"புரிஞ்சிக்கிட்டு நாம எங்க போய்ப் படுக்க?"

"கார்டு கொடுத்தாச்சுட்டி! போன சம்பந்தமும் முறிஞ்சுது. இதுவும் போச்சுன்னா எவன் வருவான்?"

மீனாட்சியம்மாள் மகளைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு நின்ற கலைச்செல்வி, "வீட்டக் குடுத்துட்டு நீங்க ரெண்டுபேரும் வாடகைக்கு அலையணும்னா எனக்கு இந்த மாப்பிள்ள வேண்டாம்மா," என்றாள்.

மீனாட்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சம்பந்தி, நீங்க பொய் சொல்லாத மனுசர். அதனால ஒங்ககிட்டயே கேக்கேன். அந்த நெருள் வீடு ஒங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

வானமாமலை கருணையோடு சிரித்தார். "நான் யார்கிட்டயும் எதையும் கேக்கிறதில்லம்மா."

"நீங்க எங்க கேக்கிய? நான்லா கேக்கேன். வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். ஒத்தச் சொல்லு போதும்."

வேணும் என்றால் ஒரு விரதம் போகும். வேண்டாம் என்றால் இன்னொரு விரதத்தோடு வீடும் போகும். நெற்றி நரம்பு புடைத்தது. அதற்கும் ஒரு விரதம் குறுக்கே நின்றது. வானமாமலை காப்பியைக் கீழே வைத்தார். உதட்டின்மேல் விரலை வைத்து மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"பப்பாக்கு இன்னைக்கு மௌன விரதம், ஆன்ட்டி," என்றான் ராஜபாண்டி.

"இப்பத்தானே காத்த விசாரிச்சாவ?"

"அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆயிருச்சு. சோடோ நா ஆன்ட்டி, விடுங்க, ஏன் டென்ஷன் ஆவுறீங்க?"

கலைச்செல்வி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "சரி, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு அந்த வீடு வேணுமா?"

"பப்பா என்ன சொல்றாரோ அதான் ஃபைனல்."

"அவருதான் பேச மாட்டேங்காரே."

ராஜபாண்டி மறுபடி செல்போனுக்குள் இறங்கினான். கட்டிக்கொள்ளப் போகிறவனின் உச்சந்தலையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"ஸ்கூட்டர் சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"எங்க வீட்டுல யாருக்கும் விரதம் கெடையாது. நாங்க கேட்டுத்தான் வாங்குவோம். வண்டி இன்னும் எங்கப்பா பேர்லதான் இருக்கு."

ராஜபாண்டி அப்பாவைப் பார்த்தான். அவர் மின்விசிறியைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்ததுதான் தாமதம், வானமாமலை துள்ளி எழுந்தார்.

"ஏய்! அந்தச் சாவிய எங்கிட்டக் குடு! குடுட்டி!"

மௌனம், கோபம், கேளாமை எல்லாம் ஒரே மூச்சில் கப்பலேறின. மீனாட்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

"வாய்விட்டுக் கேட்டுட்டிய, அண்ணாச்சி! ரொம்ப சந்தோசம். ஆனா அந்தச் சரக்கு நம்ம கடையில இல்ல. வேற கடை பாருங்க."

சம்பந்தி போய் அண்ணாச்சி வந்துவிட்டது. கடைக்கு வருகிற எல்லாரையும் அவள் கூப்பிடுகிற பெயர் அது. அப்பாவும் மகனும் ஆட்டோ தேடிப் போனார்கள்.

பொய் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதையும் வானமாமலை அந்த வாரமே முடித்தார். வரதட்சணை வேண்டாம் என்று தான் பிடிவாதமாக நின்றதால் பெண் வீட்டார் கௌரவக் குறைச்சல் என்று கோபித்துக்கொண்டு சம்பந்தத்தை முறித்துவிட்டதாகச் செம்பூர் முழுக்கச் செய்தி பரவியது. சங்கத்தில் கூட்டம் போட்டு அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பூதத்தான் பின்வரிசையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார். பெண்டாட்டியிடம் சொன்னார்: "எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டிட்டேன், மீனாட்சி."

மீனாட்சியம்மாள் அவர்மேல் ஒரு துணியை எறிந்தாள்.

"அந்தக் கையாலயே இந்த அண்டாவத் தொடைங்க. ஒரு பிரயோசனமாவது ஆவட்டும்."