ராஜாவின் பாடு

ஒல்லாந்தர் கல்லறைச் சுவருக்கு வெளியேதான் சாரணர் படை கூடாரம் அடிப்பது வழக்கம். அன்று வேலை முடிந்ததும் அப்துல் ஹை வாத்தியார் பச்சைமுத்துவை மட்டும் தனியே அழைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப் பேட்ஜை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நடுவில் கிரீடம்.

ராஜா சாரணன், இங்கிலாந்து ராஜா பேரில் தரும் பட்டம். சாரணர் இயக்கத்தில் அதற்கு மேலே படி இல்லை. பசியாவரத்திலிருந்து படகேறிப் பழவேற்காட்டுக்குப் படிக்க வந்த பச்சைமுத்து பல வருஷமாக அதற்குத்தான் உழைத்தான். நீச்சல் சோதனை அவனுக்கு விளையாட்டு. வரைபடம் பார்த்து நடப்பதுதான் உயிரை வாங்கியது. இருட்டிலும் ஏரியில் தடுமாறாதவன், தரையில் வழி தப்பிப் பொன்னேரி ரயிலடியில் போய் நின்றான். மறுபடி முயன்று தேறினான். தேறிய கையோடு சுதந்திரம் வந்துவிட்டது.

"மெட்ராஸ்ல மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்டா. நம்ம சர்க்கார் புதுசா ஒரு பட்டம் வைக்கும்னு பேசிக்கிறாங்க. எப்பன்னு தெரியல. அதுக்குள்ள உனக்கு வயசு தாண்டிடும். இன்னா சொல்ற?"

பச்சைமுத்து கிரீடத்தையே பார்த்தான். பேட்ஜ் தைப்பதற்கென்று தங்கை காந்தா சட்டையை வெளுத்து மடித்து வைத்திருந்தாள். படகுத்துறையில் கேலி வேறு: "ராஜாவே மூட்டை கட்டிட்டாரு, இவன் இன்னாத்துக்கு ராஜா சாரணன்?" கேலி அவனைச் சுடவில்லை. மனம் வேறெங்கோ இருந்தது.

பசியாவரத்தில், ஏரியில் யார் எங்கே வலை இறக்குவது என்று ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். பாடு கிடைத்தவன் ஊரைவிட்டுப் போய்விட்டால், மீன் துள்ளினாலும் அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். ஊர் மறுபடி கூட வேண்டும்.

வெயில் கல்லறைச் சுவரைவிட்டு இறங்கியபோது பச்சைமுத்து சொன்னான்:

"ராஜா பாடு முடிஞ்சிபோச்சு சார். ஊர் கூடிக் குலுக்கற வரைக்கும் அதுல நான் வலை போடக் கூடாது."

"வயசு தாண்டிடுமேடா!"

"தாண்டட்டும் சார்."

வாத்தியார் பேட்ஜைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை அவன் பார்க்காததுபோல் இருந்தான். காந்தாதான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஊர் கூட வருஷங்கள் ஆயின. குடியரசுத் தலைவர் பேரில் புதிய பட்டம் வந்தபோது பச்சைமுத்துவே வாத்தியார். சாரணர் படையும் அவர் கையில். அவரிடம் பயின்ற தனசேகர், டெல்லி போய் அதை வாங்கிக்கொண்டு, சட்டைக் கையில் புதுப் பேட்ஜோடு படகிலிருந்து இறங்கினான். கிரீடம் இல்லாத பேட்ஜ். துறை முழுக்கக் கூட்டம்.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு காந்தா அருகில் வந்தாள்.

"ஊர் கூடிக் குலுக்கிட்டாங்களாண்ணா?"

"குலுக்கிட்டாங்க."

"நம்ம பேரு வரலியே."

"நல்லாப் பாரு. வந்திருக்குது."

மாணவன்தான் முதலில் வணக்கம் வைக்க வேண்டும், அதுதான் முறை. தனசேகர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைப்பதற்குள், பச்சைமுத்து நிமிர்ந்து நின்று, மூன்று விரலை நெற்றியோரம் கொண்டுபோயிருந்தார்.